கோலசிலாங்கூர்த் தோட்டங்களும் கடல் கடந்து வந்த மொழியாசிரியரும்

பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியில் பார்பெசியூ என்னும் சிற்றூரில் 1879 ஆம் ஆண்டு பிறந்தவர் ஆன்ரி ஃபொக்கோனியே. சட்டம் பயிலத் தொடங்கியவர்; ஆயினும் இசையிலும் எழுத்திலுமே நாட்டமுடையவர். 1901 ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, ஒரு சிறு பள்ளியில் ஏறத்தாழ ஈராண்டுகள் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்பித்தார். பின்னர்க் கோலசிலாங்கூர் மாவட்டத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் கித்தாத் தோட்டம் வைத்த துரையும், 1930 இல் பிரான்சு நாட்டின் புகழ்மிக்க கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்ற நாவலாசிரியரும் இவரே. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வழியாக வந்தது, ஏன் அவ்வளவு காலந்தாழ்த்து வந்தது என்று ஆராயப் புகுவோர்க்கு இவர் வாழ்க்கை ஒரு நல்ல நுழைவாயில் ஆகும்.

அந்நாளில் இங்கிலாந்து, பிரான்சு, செருமனி ஆகிய நாடுகளின் பள்ளிகள் அயல்மொழிப் பாடத்திற்கு அம்மொழி பேசும் நாட்டு இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவி வந்தது. 1905 ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலப் பிரெஞ்சு அரசுகள் இவ்வழக்கத்தை ஒழுங்குபட்ட திட்டமாகவே ஆக்கின. இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும் தலைமையான ஆசிரியர் பொறுப்பு. பிள்ளைகளைச் சிறு குழுவாக இருத்தி வாய் திறந்து பேச வைப்பது உதவியாசிரியர் பொறுப்பு. ஊதியம் சிறிது. உறைவிடம் பெரும்பாலும் பள்ளியிலேயே. இவர் முழு ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர். பிறந்த நாள் முதல் எண்ணிப் பாராமல் பேசி வந்த தம் தாய்மொழியைப் பற்றி, 'இஃது ஏன் இவ்வாறு வருகிறது?' என்று ஒரு சிறுவன் கேட்கும்பொழுதுதான் அவர் முதன்முறையாக அதனை வெளியே நின்று நோக்குகிறார். அயல்மொழியிடையே வாழ்ந்து தம் மொழியைக் கற்பித்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் இவ்வியப்பு மீண்டும் மீண்டும் வருவது.

இங்கிலாந்தில் இருந்தபொழுதுதான், போர்னியோத் தீவில் சவ்வரிசிப் பனை பயிரிட்டால் பெரும்பொருள் ஈட்டலாம் என்னும் செய்தியை ஃபொக்கோனியே படித்தார். பொருள் தேடிப் பின் அச்செல்வத்தைக் கொண்டு கவலையின்றி எழுதலாம் என்பது அவர் கணக்கு. 1905 இல் கப்பலேறினார். வழியில் எண்ணம் மாறிற்று. மலாயாவில் கித்தா விலையேறிக்கொண்டிருந்த காலம் அது. சிலாங்கூரில் தங்கித் தொழில் பழகியவர், மலாயும் தமிழும் கற்றுக்கொண்டு, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்றுக் காடழித்தார்.

ஆறு கடலொடு கலக்குமிடத்தில் கோலசிலாங்கூர் நகரம் உள்ளது. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகர் அது. புக்கிட் மலாவத்திக் குன்றின்மேலிருந்த கோட்டையை 1784 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்பதும், அக்குன்றில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907 இல் எழுந்தது என்பதும் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த செய்திகள். ஆற்றின் மேற்பகுதியில், பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. அவற்றுள் ஒன்றே தென்னமரம். அப்பெயரைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1911 இல் சுமாத்திராவில் ஆலே என்னும் பெல்சியத்தார் செம்பனை பயிரிட்டார். அவரோடு தொழில் தொடர்புடைய ஃபொக்கோனியே அவ்விதைகளைச் சிலாங்கூருக்குக் கொணர்ந்தார். 1917 இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமரத்தில் அமைந்தது. தென்னையின் பெயர் தாங்கிய மண்ணில் செம்பனை வேரூன்றியது வரலாற்றின் சிறு குறும்பு போலும்.

'மலேசி' என்பது அவர் நாவலின் பெயர். மலேசியா என்னும் நாடு 1963 இல் தோன்றுதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்னரே வெளிவந்த நூல் அது. மலாய்ப் பாந்துன்களிடத்து அவர் கொண்ட ஈடுபாடு அதில் நன்கு புலனாகும். தோட்டத் தமிழரும் அந்நூலில் வருவர். ஆனால் அவர்களைத் துரையின் தாழ்வாரத்திலிருந்து பார்த்தே எழுதியிருக்கிறார். அஃது அக்காலத்து ஐரோப்பியர் எவர்க்கும் இயல்பான எல்லை. அதற்காக நூலைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. தமிழ் கற்று, தமிழர் நடுவே வாழ்ந்த ஒருவர் எவ்வளவு கண்டார், எதனைக் காணவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும்.

ஃபொக்கோனியே தமிழ் கற்றது தனி ஒருவரின் ஆர்வம் மட்டுமன்று. தோட்டத்தில் பிழைக்க வந்த சின்னத்துரை எவரும் தொழிலாளர் மொழியைக் கற்றே ஆகவேண்டும். 1919 இல் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் மொழித் தேர்வுகளை நடத்திற்று. அத்தேர்வில் தேறுதல் பதவி உயர்வுக்குத் துணை செய்தது. இலங்கையிலோ இவ்வழக்கம் இன்னும் பழமையானது. 'இங்கே வா' என்ற தலைப்பில், சின்னத்துரையின் சட்டைப் பைக்குள் அடங்கும் தமிழ்க் கைந்நூல் ஒன்று 19 ஆம் நூற்றாண்டிலேயே அங்கு வெளிவந்தது. 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்ட நூலும் பின்னர் வந்தது. தலைப்புகளே அவற்றின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகின்றன. தமிழ் வினைமுற்றுகளுள் அவற்றிற்கு வேண்டியது ஏவல் ஒன்றே. வா, போ, வெட்டு, தூக்கு, நிறுத்து. பன்மை மரியாதை அந்நூல்களின் உலகில் அரிது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணவும், மரத்தின் வெட்டுக் காயத்தைக் கண்டிக்கவும், சம்பள நாளில் கணக்குச் சொல்லவும் அம்மொழி போதியதாயிற்று.

துரைமார்க்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரை முன்ஷி என்றனர். ஆங்கிலமும் தமிழும் ஓரளவு அறிந்த கிராணியோ ஆசிரியரோ மாலையில் பங்களாவுக்குச் சென்று பாடம் சொல்வர். எண்ணிப் பார்த்தால், ஐரோப்பியப் பள்ளியின் மொழி உதவியாசிரியர் செய்த அதே பணியைத்தான் இம்முன்ஷியும் செய்தார். தம் ஊரை விட்டு வந்து, தம் தாய்மொழியைப் பிறமொழியாளர்க்குப் பேசக் கற்பித்தார். வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே மாணவன் சிறுவன். இங்கே மாணவன் முதலாளியின் ஆள். மாணவனின் பிழையைத் திருத்தும்பொழுது ஆசிரியர் நின்றுகொண்டிருக்கும் வகுப்பு உலகில் வேறெங்கும் மிகுதியாக இருந்திருக்க இயலாது.

ஆகத் தோட்டத்தில் மொழிகள் ஒரு திசையில்தான் நடந்தன. துரைக்குத் தமிழ் கிடைத்தது. தொழிலாளி பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. ஆங்கிலம் கற்பிப்போர் அந்நாட்டில் இல்லாமற் போனதாலா எனின், அன்று. ஆங்கிலம் கற்பிக்கவே கடல் கடந்து வந்த தமிழர் பலர் சிலாங்கூரில் அப்பொழுதே இருந்தனர்.

அவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். தமிழோடு ஆங்கிலமும் அறிவியலும் அங்கே உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பெற்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியில் பயின்றவர்களே என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். பழந்தமிழ் ஏடுகள் அச்சேறுவதற்கும் மலாயாவில் ஆங்கில வகுப்புகள் நடப்பதற்கும் ஊற்றுக்கண் ஒரே மண்ணில் இருந்தது. ஆங்கிலம் கற்றோர் மிகுந்தனர். சிறிய தீவக நிலத்தில் அவர்க்கேற்ற உத்தியோகம் மிகவில்லை. எனவே புறப்பட்டனர்.

1890 களில் இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து சிலாங்கூருக்கு வந்து, 1901 இல் கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் தலைமை நிருவாகியான சார்லசு இசுபூனர், தமக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து இளைஞர்களை எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் வந்தால் அவர் தம்பியும் மைத்துனரும் பின்னே வருவது வழக்கம். இவர்களுள் சிலர் ஆங்கிலப் பள்ளிகளில் உதவியாசிரியராயினர். கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் 1893 இல் தோன்றிற்று. மெதடிசுட்டு சபையாரின் ஆண்கள் பள்ளி 1897 இல் தோன்றிற்று. தலைமையாசிரியர் ஆங்கிலேயர் அல்லது அமெரிக்கர். அவர்க்குக் கீழே தொடக்க வகுப்புகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பித்தவருள் இலங்கையரும் இந்தியரும் பலர். சீனச் சிறுவனும் மலாய்ச் சிறுவனும் தம் முதல் ஆங்கிலச் சொல்லை யாழ்ப்பாணத்து நாவொலியிற் கேட்டனர் என்பதில் மிகையில்லை.

அவர்களுடைய அயல்நாட்டு வாழ்க்கை தனிச்சுவை உடையது. பிரிக்பீல்ட்சில் கூடி வாழ்ந்தனர். 1904 இல் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். திருமணத்திற்கு ஊர் சென்று மீண்டனர். மாதந்தோறும் பணம் அனுப்பினர். அப்பணத்தில் யாழ்ப்பாணத்தில் கல்வீடுகள் எழுந்தன. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரை அங்கே 'மலாயா பென்சன்காரர்' என்றே அழைத்தனர். பிறந்த ஊரில் மலாயாக்காரர். வாழ்ந்த ஊரில் சிலோன்காரர். இவ்விரு பெயர்களுக்கும் நடுவே முப்பது ஆண்டு ஆசிரியப் பணி கழிந்துவிடும்.

ஆனால் அவ்வாசிரியர் இருந்தது நகரத்தில். பள்ளிக்குக் கட்டணம் உண்டு. கோலசிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நாற்பது கல். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் ராஜா மூசாவிலும் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அத்தொலைவு கடலைவிட அகலமானது. கிராணியின் மகன் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க வழியுண்டு. பால்வெட்டுத் தொழிலாளியின் மகனுக்கு அவ்வழியும் இல்லை.

இது தற்செயலாய் நேர்ந்த குறையன்று, கொள்கையின் விளைவு. உழவுக் குடிகளின் பிள்ளைகளுக்கு அரைகுறை ஆங்கிலம் புகட்டினால் அவர்கள் உடலுழைப்பை வெறுப்பர் என்னும் கருத்தை, பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த சுவெட்டன்ஹாம் 1890 ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்தார். அவர் மலாய்ச் சிற்றூர்களை எண்ணி எழுதினார். தோட்டத்துக்கு அக்கருத்து இன்னும் பொருத்தமாகப் பட்டது. வெட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. பேனா பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி, எத்தகைய பள்ளி என்று அழுத்திக் கேட்கவில்லை. கோயில் மண்டபத்திலும் ஆயாக் கொட்டகையின் ஒரு புறத்திலும் வகுப்பு நடந்தது. கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ, தமிழகத்திலிருந்து வந்த இளைஞரோ ஆசிரியர். ஒருவரே எல்லா வகுப்புக்கும் ஆசிரியர். காலையில் வேலைக்காட்டில் பெற்றோர்க்கு உதவிய பிள்ளைகள் பின்னேரத்தில் வந்தமர்ந்த பள்ளிகளும் உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. காவிரியையும் கோடைகாலத்தையும் படித்த பிள்ளை, சன்னல் வழியே சிலாங்கூர் ஆற்றையும் ஆண்டு முழுதும் பெய்யும் மழையையும் பார்த்தான்.

இத்தனைக்கும் நடுவே அவ்வாசிரியர்கள் தமிழ் எழுத்தைக் காத்தனர். அவர்களும் அயல்நாட்டில் வாழ்ந்தவர்களே. கடிதம் எழுதித் தருவதும், மணியார்டர்த் தாள் நிரப்புவதும், திருவிழாவிற்கு நாடகம் பழக்குவதும், துரைக்கு முன் தொழிலாளிக்காக வாய் திறப்பதும் அவர்கள் கடமையாயின. நகரத்து ஆங்கில உதவியாசிரியரின் ஊதியத்தோடும் மதிப்போடும் ஒப்பிட்டால் இவர்கள் நிலை பரிதாபமானது. இருவரும் தமிழர், இருவரும் ஆசிரியர், இருவரும் கடல் கடந்தவர். ஒரே வண்டியில் பயணம் செய்தாலும் ஒரே பெட்டியில் ஏறார். தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதுவோர் இவ்விரு சாராரையும் தனித்தனியே எழுதி விடுகின்றனர். சேர்த்து எழுதினால்தான் தோட்டத்துப் பிள்ளை இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

போர் முடிந்தபின் காற்று மாறிற்று. 1951 இல் வந்த பார்ன்சு அறிக்கை ஆங்கிலமும் மலாயும் பயிற்றுமொழிகளாகக் கொண்ட தேசியப் பள்ளிகளை வேண்டிற்று. தமிழ்ப்பள்ளிக்கு அதில் எதிர்காலம் இல்லை. சீனரும் இந்தியரும் எதிர்த்தனர். ஆங்கிலம் வேண்டும், அதற்குத் தமிழ்ப்பள்ளியை விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதே அன்றைய வினா. எளிய வினா அன்று. தம் பிள்ளை கிராணியாக வேண்டும் என்று விரும்பிய தந்தையும், தமிழ் மறையக்கூடாது என்று கூட்டத்தில் கைதட்டிய தந்தையும் பல வேளைகளில் ஒருவராகவே இருந்தனர். 1956 இல் ரசாக் அறிக்கையும், 1957 இல் அதன்வழிக் கல்விச் சட்டமும் வந்தன. தமிழ்ப்பள்ளி நிலைபெற்றது, மலாயும் ஆங்கிலமும் அதனுள் பாடங்களாயின. நாடு விடுதலை பெற்ற அந்த 1957 இல் தமிழ்ப்பள்ளிகள் 888 இருந்தன.

கற்பிப்பவர் யார்? அதுவே இடர்ப்பாடு. ஆங்கில ஆசிரியரை உருவாக்க மலாயா அரசு தன் இளைஞர்களையே கடல் கடக்கச் செய்தது. லிவர்பூலுக்கு அருகே கெர்க்பி என்னுமிடத்தில் அமைந்த மலாயா ஆசிரியர் கல்லூரி 1952 முதல் 1962 வரை நடந்தது. அங்கேதான் 1956 பிப்ரவரி 7 ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான், மாணவர்களிடையே விடுதலை நாளைப் பற்றிய செய்தியை முதலில் வெளியிட்டார். அக்கல்லூரியில் மலாய், சீன, இந்திய இளைஞர் ஒன்றாகக் குளிரில் நடுங்கி ஒன்றாகப் பயின்றனர். ஆயினும் அவர்கள் திரும்பிச் சேர்ந்தவை பெரும்பாலும் நகர்ப் பள்ளிகள். தோட்டப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் நடத்தும் பொறுப்பு, தமிழ் வழியிலேயே படித்து வந்த ஆசிரியர் தோளில் விழுந்தது. இரவில் தாம் கற்று மறுநாட் காலை அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அத்தலைமுறையில் இருந்தனர். உச்சரிப்பில் அவர்களைக் குறை காண்பது எளிது. அவர்கள் இல்லையேல் அவ்வகுப்பில் அப்பாடமே நடந்திராது.

அந்நாளில் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் பொதுவாக நேரே முதற் படிவத்துக்குச் செல்ல இயலவில்லை. ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி பழக வேண்டியிருந்தது. 1970 முதல் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறியபின்னும் புகுமுக வகுப்பு நீடித்தது. அவ்வோராண்டு பல பிள்ளைகளுக்குப் பாலமாயிற்று. பலர்க்கு அதுவே பள்ளி வாழ்வின் கடைசி ஆண்டாயிற்று.

இந்நிலையில்தான் அயல்நாட்டு இளைஞர் மீண்டும் வந்தனர். இங்கிலாந்தில் 1958 இல் தொடங்கிய தன்னார்வத் தொண்டர் திட்டத்தின் முதல் குழுவினருள் சிலர் சரவாக்கிற்கு வந்தனர். அமெரிக்காவின் அமைதிப் படையினர் 1962 இல் மலாயாவில் கால்வைத்து 1983 வரை பணியாற்றினர். அவ்விருபதாண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர். ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் கற்பித்தோர் அவர்களிற் பலர். மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் 1963 இல் அமைந்தது. புல்பிரைட் திட்டத்தின்கீழ் ஆங்கில மொழி உதவியாசிரியர்கள் 2006 இல் திரங்கானுவில் தொடங்கி, 2012 முதல் வேறு பல மாநிலங்களுக்கும் வந்தனர். பெருந்தொற்று பரவிய 2020 இல் அவர்கள் நாடு திரும்ப நேர்ந்தது. பின்னர்த் திட்டம் மீண்டும் தொடர்ந்தது.

இவர்கள் வாழ்வில் ஃபொக்கோனியேயின் இங்கிலாந்து நாட்களின் சாயல் தெரிகிறது. வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. பட்டம் பெற்ற கையோடு பெட்டி கட்டியவர். வகுப்பில் உள்ளூர் ஆசிரியர் தலைமை, இவர் துணை. பாட்டு, விளையாட்டு, நாடகம், முகாம் என்று பேச்சுக்கு வழி தேடுகிறார். மாலையில் கடைத்தெருவில் நாசி லெமாக் வாங்கும்பொழுது அவரே மாணவர், கடைக்காரர் ஆசிரியர். ஓராண்டு முடிவதற்குள் பிள்ளைகளின் கூச்சம் நீங்கிவிடுகிறது. கூச்சம் நீங்குதல் சிறிய பயன் அன்று. மொழிப் பாடத்தில் பாதி அதுவே.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். உதவியாசிரியர் செல்வது பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிக்கு. தோட்டத்துப் பிள்ளை அவரைக் காண்பது பதின்மூன்று வயதில், புகுமுக வகுப்பின் தடுமாற்றத்திற்குப் பின். எழுத்தும் ஒலியும் நாவிற் படியும் ஏழு வயதில் அப்பிள்ளையின் அருகே இருந்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. 2011 இல் மலேசியக் கல்வி அமைச்சு ஏறத்தாழ 360 அயல்நாட்டு ஆங்கில வல்லுநர்களைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு வழிகாட்டிகளாக அமர்த்தியபொழுது, பிள்ளைக்கு நேரே கற்பிப்பதைவிட அப்பிள்ளையின் ஆசிரியரை வலுப்படுத்துவது மேல் என்னும் எண்ணம் அதில் இருந்தது. எண்ணம் சரியே, அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் 1823 இல் செய்ததும் அதுவே. அவர்கள் ஓராண்டில் மூட்டை கட்டியிருந்தால் தாமோதரம்பிள்ளை கிடைத்திரார்.

இதற்கிடையே தோட்டமே கரைந்தது. கித்தா செம்பனைக்கு இடம் விட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில நகரமாயின. 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். வட சிலாங்கூரில் தோட்டப் பெயரைத் தாங்கியபடி நிற்கும் பள்ளிகளுக்குப் பேருந்திலும் பெற்றோரின் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகள் வருகின்றனர். லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கின்றனர். ஃபொக்கோனியே 1973 இல் காலமானார். அவர் கற்ற தமிழைப் பேசிய லயங்கள் அதற்குள்ளேயே குறையத் தொடங்கியிருந்தன. தமிழ்ப்பள்ளிகளில் இன்று ஆங்கிலம் கற்பிப்போர் மலேசியாவிலேயே பயிற்சி பெற்றவர்கள். அவர்களுட் சிலர் லயத்தில் பிறந்து, புகுமுக வகுப்பைக் கடந்து வந்தவர்கள். அவர்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் பலர், கித்தா மரத்தில் பால் வடிவதைக் கண்ணால் கண்டதில்லை.